கோப்போடு வராதீர்கள், நான் நீதவான் இல்லை

போன கிழமை என் உளவளத்துணை (கவுன்சலிங்) அறைக்கு ஒரு தம்பதி தடித்த கோப்பு ஒன்றோடு வந்தார்கள். இரண்டு வருட வாட்ஸ்அப் உரையாடல், ஒன்றும் விடாமல் அச்செடுத்து, முக்கியமான இடமெல்லாம் மஞ்சள் கோடு. கணவர் அதை என் மேசையில் வைத்து, "மிஸ், ஆறுதலா வாசிச்சிட்டு ஆரில பிழை எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். மனைவியும் வெறுங்கையோடு வரவில்லை, கைபேசி நிறையக் குரல் பதிவுகள். வெளியே இரண்டு பக்கத்து அம்மாமாரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். இப்படி வருபவர்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

யாரில் பிழை என்று கேட்பதற்குக் கொழும்பு புதுக்கடையில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அங்கே அது தேவைதான், ஏனென்றால் இலங்கையில் நமது பொதுச் சட்டம் பிழையை வைத்துத்தான் விவாகரத்துத் தருகிறது: வேறு ஆளோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாணத்தின்போதே இருந்த தீராத இயலாமை. அந்தப் பழக்கத்திலேயே என்னிடமும் சாட்சியத்தோடு வருகிறீர்கள். நான் உளவளத்துணையாளர். அவருக்காகவும் இல்லை, இவருக்காகவும் இல்லை, இருவருக்கும் இடையில் நடப்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன். சரி, ஒரு பேச்சுக்கு நான் தீர்ப்புச் சொல்கிறேன் என்றே வையுங்கள். வென்றவர் அடுத்த ஆறு மாதத்துக்கு "மிஸ்ஸே சொல்லிப்போட்டா" என்று குத்திக்கொண்டிருப்பார், தோற்றவர் என் வாசற்படி மிதிக்கமாட்டார், பிறகு நான் யாரோடு வேலை செய்வது? "அவருக்குப் புத்தி சொல்லி அனுப்புங்கோ" என்பதும் இதே கதைதான். புத்தி சொல்ல உங்களுக்கு லண்டன் மாமா இருக்கிறார், அவர் ஏற்கனவே இரண்டு மணித்தியாலம் சொல்லியும் ஆயிற்று.

நடப்பது இதுதான். முதலில் சேர்ந்து ஒரு சந்திப்பு, பிறகு ஆளுக்கொரு தனிச் சந்திப்பு, அதன்பின் பெரும்பாலும் சேர்ந்தே. ஒருமுறைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள், பல கிழமைகள். இரகசியங்களை என்ன செய்வேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன், கேட்காமல் தனியறையில் கொட்டிவிட்டு "இவருக்குச் சொல்லாதைங்கோ" என்று என்னைப் பொறியில் மாட்டாதீர்கள். அறைக்குள் உங்கள் சண்டை தானாகவே வரும். அவர் கேட்க இவர் பேசாமல் இருப்பார், பேசாமல் இருப்பதால் அவர் குரல் ஏறும், ஏற ஏற இவர் இன்னும் ஊமையாவார். அந்த இடத்தில் நிறுத்தி, உள்ளே என்ன நடந்தது என்று இரண்டு பேரையும் கேட்பதுதான் என் வேலையில் பாதி.

ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடங்கள் தம்பதிகளைக் கவனித்துச் சொன்னது: பிணக்குகளில் 69 சதவீதம் தீர்ந்துபோகாத வகை. தங்கச்சிக்கு அனுப்பும் காசு, ஞாயிறு யாருடைய வீட்டில் சாப்பாடு, இவையெல்லாம் இருபது வருடத்திலும் இருக்கும். அதைப் பற்றி ஒருவரையொருவர் கிழிக்காமல் கதைக்கத்தான் பழகுகிறோம். கொட்மன் ஆகப் பொல்லாதது என்று வைத்தது இளக்காரம். கண்ணை உருட்டி "ஓ, பெரிய ஆள்" என்கிற அந்தத் தொனி மஞ்சள் கோட்டில் விழாது, அதனால்தான் கோப்பை நான் திறக்கவே இல்லை.

நெஞ்சு படபடக்கும்போது கதையை நிறுத்துங்கள். குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள், ஆனால் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவது இடைவேளை இல்லை. சட்டத்தரணியின் கடிதம் வந்த பிறகு வராதீர்கள், அதற்கு முன்பே வாருங்கள். காசு பிரச்சினை என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், தமிழில் கதைப்பவரா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள்.

அடி, மிரட்டல், பயம் இருந்தால் தம்பதியாக வரவேண்டாம். இங்கே வாய் திறந்ததற்கு வீட்டில் அடி விழும், கண்டிருக்கிறேன். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938 க்கு எடுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

கடைசியாக அம்மாமாருக்கு. பின்னேரம் அழைத்து "பிள்ளை என்ன சொன்னவ?" என்று கேட்காதீர்கள் அம்மா, பிள்ளை வந்ததா என்பதைக்கூட நான் சொல்லமாட்டேன். துணைக்கு வந்தால் காலி வீதிப் பக்கம் போய் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், என் கதவு அவ்வளவு தடிப்பில்லை.