ஏணிப்படியில் 17 கிலோ

ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்ததுமே அடுத்து என்ன படிக்கலாம் என்ற ஆசை தொற்றிக்கொள்ளும். டைவ் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அட்வான்ஸ்டு முடிச்சிடுங்க.” 18 மீட்டர் ஆழத்தோடு நின்றவரை 30 மீட்டர் வரை அழைத்துப் போகும் படிப்பு அது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்குச் சரியான யோசனை. எனக்கோ தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சுரீர் என்கிறது. இந்தத் தோளோடு எதைப் படிக்கலாம் என்று பார்க்கப் போனால், ஆழத்தைவிட எடையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

சிலிண்டரில் தொடங்குவோம். பெரும்பாலான கடைகளில் வாடகைக்குக் கிடைப்பது ‘அலுமினியம் 80’. காற்று நிரப்பினால் தரையில் சுமார் 17 கிலோ. அது கடலில் அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 16 லிட்டர். அவ்வளவு கடல்நீரின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால், உள்ளே போனதும் மிஞ்சும் எடை ஒரு கிலோகூட இல்லை. இன்னொரு வேடிக்கை, அடைத்து வைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். மூச்சிழுத்து மூச்சிழுத்து அது தீர்ந்து வரும்போது, இறங்கும்போது மூழ்கிய அதே சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அதை அடக்கத்தான் தொடக்கத்திலேயே இடுப்பில் ஈயம் கட்டுகிறோம்.

அதனால் காயத்தோடு டைவ் செய்பவருக்குக் கடினமான நிமிடம் கடலடியில் இல்லை, படகின் ஏணியில்தான். சிலிண்டர், காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட், ஈயம் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தொடும். அலையில் படகு எழும்பும் நொடியில் ஏணியைப் பிடித்திருக்கும் கைக்கு அது இன்னும் கூடும். வழி எளிதுதான், கேட்கத்தான் கூச்சம்: தண்ணீரில் மிதந்தபடியே எல்லாவற்றையும் கழற்றி மேலே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் ஆளாக ஏறலாம். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்கும் கடை உங்களுக்கான கடை இல்லை.

சரி, தண்ணீருக்குள் தோள் ஏன் வலிக்கிறது? கையை வீசுவதால். புதிதாகக் கற்றவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் ஈயம் கட்டியிருப்பார்கள். 3 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிக்கட்ட ஜாக்கெட்டில் 3 லிட்டர் காற்று ஊத வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார். அங்கே 3 லிட்டராக இருந்த காற்று, 1.5 பார் அழுத்தமுள்ள 5 மீட்டருக்கு வந்தால் 4 லிட்டராக உப்பும். ஒரு லிட்டர் கூடினால் ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கல். இறங்கினால் இதற்கு நேர்மாறு. இப்படி மேலும் கீழும் இழுபடும் உடம்பை நிறுத்தக் கை தானாகத் துழாவும். ஒரு டைவுக்கு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வீச்சு, அத்தனையும் அந்தக் கிழிந்த தசைநாரின் தலையில்.

இதனால்தான் தோள் வலிக்காரருக்கு முதல் படிப்பாக நான் மிதப்புக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைச் சொல்வேன். பெயரில் கவர்ச்சி கிடையாது. ஆனால் ஈயத்தைக் குறைத்து, இருப்பதைச் சரியான இடத்துக்கு மாற்றி, கையைக் கட்டிக்கொண்டு மூச்சாலேயே ஏறி இறங்கக் கற்றுவிட்டால் தோளுக்கு வேலையே இல்லை.

முழங்கால் வலி என்றால் கணக்கு வேறு. தவளை உதை மூட்டின் உட்பக்கத்தை முறுக்கும். இடுப்பிலிருந்து மெதுவாக அடிக்கும் நேர் உதை பலருக்குத் தோதுப்படும். வேகம் இரட்டித்தால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதற்குத் தேவையான திறன் எட்டு மடங்கு. ஆகவே நீரோட்டம் பலமான இடங்களுக்கு அவசரப்பட வேண்டாம்.

சைட்மவுன்ட் படிப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிலிண்டரை முதுகில் சுமக்காமல், தண்ணீரில் இறங்கிய பிறகு விலாப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் முறை. பிரிட்டனின் குறுகலான குகைகளில் முக்குளித்தவர்கள் தேவைக்காகக் கண்டுபிடித்தது. முதுகு வலிக்காரருக்கு இது வரம். தோளுக்கு? வால்வு கண்ணெதிரே இருப்பதால் தலைக்குப் பின்னால் கை போக வேண்டியதில்லை. ஆனால் அடிப்பக்கக் கொக்கியை மாட்டக் கை இடுப்புக்குப் பின்னால் போக வேண்டும். சில தோள்களுக்கு அதுவும் ஆகாது. ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த காற்றைப் பயன்படுத்தும் படிப்பு, பெரும்பாலும் வகுப்பறைப் பாடம்தான், உடம்புக்கு வேலை கிடையாது. காற்றில் ஏறக்குறைய 79 சதவீதம் நைட்ரஜன்; 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் 32-இல் 68. அதைச் சுவாசித்தபடி 25 மீட்டரில் இருந்தால், நைட்ரஜன் கணக்கில் சாதாரணக் காற்றோடு 20 மீட்டரில் இருப்பதற்குச் சமம். ஆக்சிஜன் கூடுவதால் சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பு உண்டு.

நைட்ரஜனைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழ்களாக வெளிப்படும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1908-இல் வெளியிட்ட ஆய்வில் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். அழுத்தத்தை வேகமாகக் குறைத்தபோது சில ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. நைட்ரஜன் குமிழ்களால் வந்த வலி அது. இன்றைய டைவர்களிடம் அந்த வலி அதிகம் தாக்கும் மூட்டு, தோள்பட்டை. ஆடு ஏற்கெனவே நொண்டியாக இருந்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? நம் நிலைமை அதுதான்.

பொதுவாகப் பழைய காயம் அசைத்தால், அழுத்தினால் கூடும் குறையும். குமிழ் வலி எப்படி வைத்தாலும் ஆழத்தில் குடைந்துகொண்டே இருக்கும். எல்லா நேரமும் இப்படித் தெளிவாகப் பிரியாது என்பதால், பிசியோதெரபிஸ்டிடம் போய் எந்தக் கோணத்தில் எவ்வளவு வலிக்கிறது என்று டைவுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறேன். மேலே வந்த பிறகு அந்தத் தாளில் இல்லாத வலி வந்தால், அது பழைய வலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் இந்தத் தாளுக்கே அர்த்தம் இல்லை. முதுகுத் தண்டுப் பிரச்சினையால் கால் மரத்துப்போகிறவர்கள் டைவிங் தெரிந்த மருத்துவரைப் பார்க்காமல் இறங்கவே வேண்டாம். தண்டுவடத்தைத் தாக்கும் குமிழும் அதே மரமரப்பைத்தான் தரும்.

ஆபத்தில் இருக்கும் டைவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ எனக்குப் பிடித்த படிப்பு. ஆனால் மயங்கிய ஒருவரை இழுத்து வந்து படகில் ஏற்ற வேண்டும். பாதியில் என் தோள் கைவிட்டால் காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆவார்கள். இப்போதைக்கு நைட்ராக்ஸும் மிதப்புப் பயிற்சியும். கை தலைக்கு மேல் வலியில்லாமல் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.