மேற்கோள் வேறு, சான்று வேறு

ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க வேறொருவர் நூலில் உள்ள வாதம். ஒரு அடிக்குறிப்புகூட இல்லை. கேட்டால், "ஐயா, அதில் மேற்கோளே இல்லையே, எல்லாம் என் சொந்த நடைதான்" என்கிறார் மாணவர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. துறையில் கொடுத்த நெறிமுறைத் தாளில் "மேற்கோள்களுக்கு அடிக்குறிப்பு தருக" என்றுதான் இருக்கிறது. ‘சைட்டேஷன்’ என்பதை யாரோ ‘மேற்கோள்’ என்று பெயர்த்துவைத்த வினை.

சைட்டேஷனின் வேர் லத்தீன். ஆளை வரவழைப்பது என்று பொருள். நீதிமன்ற அழைப்பாணைக்கும் அந்தப் பெயர் உண்டு. நான் சொல்வதற்கு இவர் சாட்சி என்று ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். அவர் பேச்சை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறோமா, நம் வாயால் சுருக்கிச் சொல்கிறோமா என்பது வேறு கேள்வி. மேற்கோள் அந்த முதல் வகைக்கு மட்டுமே பெயர்.

பழந்தமிழில் மேற்கோளுக்கு மேற்கொண்ட கொள்கை என்ற பொருளும் உண்டு. நன்னூலிலேயே "வேறுநூல் செய்துமெனும் மேற்கோள்" என்று வருகிறது. பொருள் மாறியது போகட்டும். அதே வெண்பாவின் தொடக்கத்தைப் பாருங்கள்: "முன்னோர் மொழிபொருளே யன்றி யவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்." அவர்கள் சொன்ன பொருள் ஒன்று, சொன்ன சொல் இன்னொன்று. நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் 32 உத்திகளிலும் ‘தானெடுத்து மொழிதல்’ தனி, ‘பிறன்கோட் கூறல்’ தனி. முன்னோர் சூத்திரத்தை அப்படியே எடுத்து வைப்பது முன்னது, பிறர் கொள்கையை எடுத்துச் சொல்வது பின்னது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலாசிரியர் பவணந்தி பிரித்து வைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

சைட்டேஷனுக்கு ‘உசாத்துணை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் அது கலந்து பார்த்த நூலுக்குப் பெயர். எந்த வரிக்கு எந்த நூல் என்று காட்டும் செயலுக்கு அது பெயராகாது. என் ஓட்டு ‘சான்று சுட்டல்’ என்பதற்கு. சான்று என்றதும் வருமானச் சான்று, சாதிச் சான்று என்று தாலுகா ஆபீஸ் நினைவுக்கு வருகிறதாம். வரட்டுமே! அங்கேயும் ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் பொறுப்பேற்பதுதானே நடக்கிறது?

சொல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்றார் ஒரு நண்பர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் சொல்லைச் சொல்லோடுதான் ஒட்டிப் பார்க்கும். ஆகவே பிள்ளைகள் ‘கூறினார்’ என்பதை ‘மொழிந்தார்’ ஆக்கி, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுத் தப்பிவிடுகிறார்கள். பொருள் யாருடையது என்று கேட்க ஆளில்லை. மேற்கோள் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை!

சரி, அந்த மாணவருக்கு இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். மறுவாரம் அந்தப் பக்கத்துக்கு நான்கு அடிக்குறிப்புகள் போட்டு வந்தார். முந்தைய குறிப்பில் வந்த நூலையே மறுபடி சுட்ட ‘மேலது’ என்று போடுவது வழக்கம். இடையில் பத்திகளை முன்பின்னாக மாற்றியிருக்கிறார் போலும். இயலின் முதல் அடிக்குறிப்பே இப்படி இருந்தது: "மேலது, ப. 45."