பிளேக் வரலாறு தெரியாத டாக்டர்கள்

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்துகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பத்தாம் வகுப்போடு வரலாற்றை விட்டவர்கள். பதினொன்றில் பயாலஜி குரூப், அப்புறம் நீட். வரலாறும் சமூகவியலும் மார்க் குறைந்தவர்கள் எடுக்கும் பாடம் என்று கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தால் கடைசியில் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் கண்டறியப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் ஆங்கிலேய அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. புனேயில் பிளேக் கமிட்டிக்குத் தலைவராக இருந்த ராண்ட், வீடு வீடாகச் சோதனை போட ராணுவத்தை இறக்கினார். சிப்பாய்கள் சமையலறை, பூஜை அறை வரை நுழைந்தார்கள். பெண்களைப் பலர் பார்க்கப் பரிசோதித்தார்கள் என்று புகார்கள் கிளம்பின. துணிமணிகளை எரித்து, சந்தேகப்பட்டவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் வீட்டைச் சுத்திகரிப்பதும் மருத்துவப்படி தவறில்லை. ஆனால் பயந்துபோன ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், சாவையும் மறைத்தார்கள். 1897 ஜூன் 22 இரவு, இந்தக் கெடுபிடியில் கொதித்துப்போன சாபேகர் சகோதரர்கள் என்ற புனே இளைஞர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார்.

2020இல் கொரோனாவுக்காகப் பல மாநிலங்கள் கையிலெடுத்தது இதே 1897 சட்டத்தைத்தான். சட்டத்தின் பெயர் என் மாணவர்களுக்குத் தெரியும், தேர்வில் வரும். அது புனேயில் எப்படி நடைமுறைக்கு வந்தது என்று கேட்டால் பதில் வராது.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது ஏறக்குறைய இதே கதை திரும்ப நடந்தது. எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி மிக அதிகம். உறவினர்கள் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்புவது அங்கே வழக்கம். கவச உடை போட்டவர்கள் வந்து உடலைப் பையில் கட்டித் தூக்கிப்போனதும் ஊர்கள் எதிர்த்தன, உடல்களை மறைத்தன. கினியாவில் ஒரு கர்ப்பிணி இறந்தபோது, சிசுவை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யக்கூடாது என்றார்கள் கிஸ்ஸி மக்கள். எடுத்தால் கத்தி பிடிப்பவருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் மானுடவியலாளர் ஒருவர் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். தவறிய சடங்குக்கு ஈடாகச் செய்யும் பரிகாரச் சடங்கு தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்தார். செலவை நிறுவனமே ஏற்றது, அடக்கம் பாதுகாப்பாக நடந்தது. அந்த நவம்பரில் வெளியான அடக்க நெறிமுறையில் குடும்பத்தின் சம்மதம், பிரார்த்தனை, மதத் தலைவர்களின் பங்கு எல்லாம் இடம்பெற்றன. எந்த ஆய்வகமும் இதைக் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

நம்மூரில் இவ்வளவு பெரிய சம்பவமெல்லாம் தேவையில்லை, டிபி மாத்திரையே போதும். களப்பணிக்குப் போன மாணவர் ஒருவர், ஓர் இளம்பெண்ணைப் பற்றி ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதிவந்தார். கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். சுகாதாரத் துறை வண்டி வாசலில் நின்றால் தெருவே கேட்கும். வேலைக்குப் போகும் வழியிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தோம், மருந்து நிற்கவில்லை. மாணவர் எழுதியது பொய்யில்லை. ஒரு மனுஷியின் நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை, அவ்வளவுதான். நல்ல கதைகளை வாசித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வருவதைக் களத்தில் பார்க்கிறேன்.

2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நடத்தை, நெறி, உரையாடல் பற்றி ‘ஏட்காம்’ என்ற பகுதி இருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் பல இடங்களில் அதை எங்களைப் போன்ற டாக்டர்களே ஸ்லைடு போட்டு முடித்துவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை இருக்கிறது. மாவட்டந்தோறும் கலைக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நடத்தச் சொல்ல வேண்டும், அதற்குரிய மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீட் எழுதிவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் பிள்ளையிடம் அடுத்த கோச்சிங் புத்தகத்தை நீட்டாதீர்கள். ஊரில் காலராவோ அம்மையோ வந்த காலம் எப்படி இருந்தது, யார் யாரை ஒதுக்கினார்கள், பிணத்தை யார் தூக்கினார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். முதல் வருடக் களப்பணிக்கு அந்த நோட்டு உதவும்.