ஹேக்கிங் (சுவர், தரையை உடைப்பது) செய்வதற்கு முன் வீட்டு வரைபடத்தைப் பாருங்கள்

தீபாவளிக்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணே, இந்தச் சுவரை ஹேக் பண்ணிட்டா கிச்சன் பெரிசாகிடும்ல?" ஆகலாம். ஆனால் அது எப்படிப்பட்ட சுவர் என்று தெரியாமல் நான் சரி சொல்ல மாட்டேன்.

விரலால் தட்டிப் பார்த்து, "வெறும் தடுப்புச் சுவர்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. சத்தத்தை நம்பாதீர்கள். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து (வீவக) உங்கள் வீட்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். பாரம் தாங்கும் சுவர், தூண், பீம் எதிலும் கைவைக்கக் கூடாது. பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையின் சுவரும் அப்படித்தான். அதன் இரும்புக் கதவையும் கழற்ற முடியாது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை குளியலறைத் தரை. பழைய டைல்ஸை உடைக்கும்போது அடியில் உள்ள சிமெண்டுப் பூச்சும் பெயர்ந்து வரும். அதோடு நீர்க்கசிவுத் தடுப்புப் படலமும் கிழியும். புதுப் படலத்தைச் சுவரின் அடிப்பகுதிவரை ஏற்றிப் பூசி, காயவிட்டு, தண்ணீர் தேக்கிச் சோதிக்காமல் டைல்ஸ் ஒட்டினால், கொஞ்ச நாளில் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் கறை தெரியும். அப்புறம் ஒட்டிய டைல்ஸை மறுபடி உடைக்கத்தான் வேண்டும். புது வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை டைல்ஸை உடைக்கத் தடை இருப்பதும் இந்தப் படலத்தைக் காப்பாற்றத்தான். அவசரப்படுத்தும் புதுப்பிப்பு வேலைக் குத்தகைக்காரரிடம், "தண்ணீர் தேக்கிச் சோதித்தீர்களா?" என்று கூசாமல் கேளுங்கள். பணம் கொடுப்பது நீங்கள்.

கூடம், படுக்கையறைத் தரைக்குப் பல நேரம் ஹேக்கிங்கே தேவையில்லை. பழைய டைல்ஸ் கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே புதியதைப் போடலாம். சிமெண்டுப் பூச்சையும் சேர்த்து மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கதவின் அடியைக் கொஞ்சம் அறுக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

வீவக பட்டியலில் உள்ள குத்தகைக்காரரை மட்டும் அமர்த்துங்கள். அனுமதி வந்ததா என்பதை அவர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். உடைக்கும் வேலை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. தீபாவளிக்கு முந்தின நாளும் கூடாது. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால், எந்த நாள் சத்தம் வரும் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.