பள்ளி பட்ஜெட்டில் மூன்றாவது வருடத்தைப் பாருங்கள்

"அக்கா, புது ஜிம் கட்டறதுக்குப் பணம் இருக்கு. என் பொண்ணோட மியூசிக் டீச்சருக்கு மட்டும் இல்லையா?"

போர்டு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு தமிழ்த் தாய் என்னை நிறுத்திக் கேட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பற்றாக்குறை வரும் வருடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாதம் கூடப் போவதில்லை. நியாயமான கேள்விதான். கண்ணெதிரே கிரேன் நிற்கிறது, வகுப்பில் டீச்சர் இல்லை என்றால் யாருக்குமே சந்தேகம் வரும்.

அந்த ஜிம் பணம் கடன் பத்திரப் பணம், அதாவது பாண்ட். வாக்காளர்களில் 55 சதவீதம் பேர் ஆமோதித்தால் மாவட்டம் பாண்ட் வெளியிடலாம் என்று 2000-இல் வந்த 39-ஆம் முன்மொழிவு (மக்களே வாக்களித்து நிறைவேற்றிய சட்டம்) சொல்கிறது. அதே சட்டம், அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் சாதனங்களுக்கும்தான் செலவழிக்க வேண்டும், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. ஜிம்மை நிறுத்தினாலும் அதில் ஒரு டாலர் கூட மியூசிக் டீச்சருக்குப் போகாது. சம்பளம் வருவது அன்றாடச் செலவுக்கான பொது நிதியிலிருந்து. ஓட்டை விழுவதும் அங்கேதான்.

அடுத்து எல்லோரும் கேட்பது, "நான் இவ்வளவு வீட்டு வரி கட்டுறேனே, அதெல்லாம் எங்க போகுது?" 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவு, வீட்டு வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தி, அந்த மதிப்பும் வீடு கைமாறும்வரை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டிவிட்டது. 2021-இல் வீடு வாங்கியவர், 1985-இல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பல மடங்கு வரி கட்டுவது இதனால்தான். ஆனால் அந்தக் கூடுதல் வரியால் உங்கள் பள்ளிக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். 2013-இல் வந்த நிதி முறைப்படி ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை மாநிலம் கணக்குப் போட்டுவிடும். வீட்டு வரி கூடுதலாக வந்தால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாலோ ஆல்ட்டோ போல வரி வருமானமே அந்தத் தொகையைத் தாண்டிவிடும் சில மாவட்டங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

சரி, மாநிலம் எதை வைத்துக் கணக்குப் போடுகிறது? பெரும்பகுதி வருகைப் பதிவை வைத்து. சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல, தினமும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களின் சராசரி. காய்ச்சல் என்று டாக்டர் கடிதம் கொடுத்தாலும் அந்த நாள் கணக்கில் சேராது. ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் என்று வட்டமாக வைத்துக்கொண்டால், 180 பள்ளி நாட்களில் ஒரு நாள் ஏறக்குறைய 55 டாலர். டெக்சாஸிலும் வருகையை வைத்துத்தான். அங்கே ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது. அந்த வருடங்களில் விலைவாசி ஏறிய ஏற்றம் அங்கிருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும்.

இப்போது கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிறப்பு விகிதம் இறங்குகிறது, வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வேறு மாநிலத்துக்குப் போகின்றன. "பிள்ளைங்க குறைஞ்சா செலவும் குறையணுமே?" என்று கேட்பார்கள். ஓர் ஆரம்பப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 600 பேரில் 30 பேர் போய்விட்டார்கள். சுமார் 3 லட்சம் டாலர் வருமானம் போச்சு. ஆனால் அந்த 30 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போகவில்லை. இந்த அறையில் ஒன்று, அந்த அறையில் இரண்டு என்று போனார்கள். 24 பேர் இருந்த அறையில் 23 பேர். டீச்சர் வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பிரின்சிபால் வேண்டும். எந்த அறையையும் பூட்ட முடியாது.

செலவுப் பக்கம் சம்பளமும் சலுகைகளும்தான் பெரும்பங்கு. ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டுவது 2013-14-இல் சம்பளத்தில் 8.25 சதவீதம், இன்று 19.1 சதவீதம். சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக அமெரிக்க மத்திய அரசு 1975-இல் சட்டத்தில் எழுதிய வாக்கு இன்றுவரை நிறைவேறவில்லை. மாநிலம் தருவதும் போக மீதியைப் பொது நிதிதான் சுமக்கிறது. அந்தப் பிள்ளைகளால்தான் பற்றாக்குறை என்று சிலர் பேசும்போது எனக்கு மனசு கொதிக்கும். வாக்கைக் காப்பாற்றாதவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வது தப்பு.

இத்தனையும் சில வருடங்கள் வெளியே தெரியவில்லை. கோவிட் காலத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கிட்டத்தட்ட 190 பில்லியன் டாலர் வந்தது. அதன் கடைசித் தவணையை எதற்கென்று ஒதுக்கி முடிக்க 2024 செப்டம்பர் 30 கெடு. அது போதாதென்று, இங்கே வருகை குறையும் மாவட்டங்களுக்கு முந்தைய மூன்று வருடச் சராசரியை வைத்தும் பணம் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் போய்விட்ட பிள்ளைகளுக்கான பணத்தில் இன்றைய சம்பளம் ஓடுகிறது. நேற்றுப் போன பிள்ளையின் இழப்பு நாளைக்குத்தான் கணக்கில் தெரியும்.

அதனால்தான் மூன்றாவது வருடத்தைப் பாருங்கள் என்கிறேன். 1991-இல் ரிச்மண்ட் பள்ளி மாவட்டம் திவாலான பிறகு வந்த சட்டப்படி, ஒவ்வொரு மாவட்டமும் டிசம்பர் நடுவிலும் மார்ச் நடுவிலும் இடைக்கால நிதி அறிக்கை தர வேண்டும். நடப்பு வருடத்தோடு அடுத்த இரண்டு வருடக் கணிப்பும் அதில் இருக்கும். போர்டு கூட்ட நிகழ்ச்சி நிரலோடு இணையத்தில் போடுவார்கள். நூறு பக்கத்துக்கு மேல் போகும், மிரள வேண்டாம். "மல்ட்டி இயர் ப்ரொஜெக்ஷன்" என்ற பக்கத்தை மட்டும் திறந்து, பொது நிதியின் கடைசி வரிகளில் கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழித்தல், அதாவது பற்றாக்குறை. அந்தத் தாயிடம் போனிலேயே எடுத்துக் காட்டினேன். முதல் வருடம் சரியாக இருந்தது, இரண்டாவதில் கையிருப்பு பாதி, மூன்றாவதில் அடைப்புக்குறி. "இது போன வருஷமே இப்படித்தான் இருந்ததா அக்கா?" என்றார். இருந்தது.

பெற்றோர்கள் கூட்டமாக வருவது மார்ச்சில்தான். அடுத்த வருடம் வேலை இல்லாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பை மார்ச் 15-க்குள் ஆசிரியர்களிடம் சேர்த்தாக வேண்டும். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் பேசமாட்டோம். ஒருமுறை உறைகளைச் சரிபார்த்துக் கொடுத்தபோது, அதில் ஒரு பெயர் என் மகனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவருடையது. பட்டியல் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. எதைக் குறைப்பது, எதைக் காப்பாற்றுவது என்ற பேச்சு உண்மையில் டிசம்பர், ஜனவரியில் நடக்கிறது. அந்தக் கூட்டங்களில் காலி நாற்காலிகள்தான் இருக்கும். பொதுமக்கள் பேச ஒதுக்கும் சில நிமிடங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமையோ வாக்குரிமையோ தேவையில்லை. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், நமக்கெதற்கு என்று ஒதுங்க வேண்டாம்.

அப்புறம், நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புகிறோம். தாத்தா பாட்டியைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் போகிறவள்தான். டிக்கெட் போட்டதும் பள்ளி அலுவலகத்தில் "இண்டிபெண்டன்ட் ஸ்டடி" ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரே விதி இல்லை, அதனால் கிளம்பும் வாரத்தில் அல்ல, சில வாரங்கள் முன்பே கேளுங்கள். நீங்களும் பிள்ளையும் ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும். கொடுத்த பாடங்களைப் பிள்ளை முடித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகவே சேரும். தாள்களைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி வந்து சேரவில்லை என்று வெறுங்கையோடு வந்த குடும்பத்துக்கு அந்த நாட்களை எங்களால் சேர்க்க முடியவில்லை.