விளக்கு எரியும் முன்பே ஓடத் தொடங்கும் கணக்கு

பசுமைக் கட்டடம் என்றதும் மொட்டை மாடியில் சோலார் பலகை, சுவரெல்லாம் செடிகொடி என்றுதான் மனதில் தோன்றும். இந்தத் துறைக்காரர்கள் பேச்சிலோ கணக்குதான் அதிகம். அவர்களுடைய சொற்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'உட்பொதிந்த கார்பன்' என்பேன்.

விளக்கு, ஏசி, லிஃப்ட் எல்லாம் ஓடுவதால் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு 'இயக்கக் கார்பன்'. செங்கல் சுட, கம்பி உருக்க, லாரியில் ஏற்றிவர, ஒருநாள் இடித்து அகற்ற என்று ஆவதெல்லாம் உட்பொதிந்த கார்பன். முன்னதைப் பிறகும் குறைக்கலாம். பல்பை மாற்றினாலே கொஞ்சம் குறையும். பின்னதில் பெரும்பகுதி குடிபோகும் முன்பே காற்றில் கலந்துவிடுகிறது.

இதில் சிமென்ட்டின் கதை தனி. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க எரிபொருள் வேண்டும், சரி. அந்தப் புகையைவிட, கல்லே சிதைந்து வெளிவிடும் வாயுதான் அதிகம். கால்சியம் கார்பனேட் பிரியும்போது அதன் எடையில் 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. சூளையைச் சூரிய ஆற்றலிலேயே ஓட்டினாலும் இது நிற்காது. அதனால்தான் அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலக்கிறார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் செப்பனிடுவது பல சமயம் இதைவிட லாபம்.

அப்புறம் 'யு-மதிப்பு'. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்ற அளவு. குறைவாக இருந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு 5-க்கு மேல். நடுவே காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 3. இதையும் 'வெப்பத் தேக்க'த்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தெர்மோகோல் வெப்பத்தைத் தடுக்கும், தேக்காது. கனத்த கற்சுவர் பகலில் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். இரவு குளிர்ந்தால்தான் அதனால் பயன்.

'சாம்பல் நீர்' எளிது: குளித்த, துவைத்த நீர். கழிப்பறைக் கழிவு 'கருப்பு நீர்'.

கடைசியாக, 'நெட் ஜீரோ எனர்ஜி'. ஓராண்டில் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகக் கட்டடமே உற்பத்தி செய்துவிடுகிறது என்று அர்த்தம். சிமென்ட்டும் கம்பியும் இந்தக் கணக்கில் வராது. அவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு 'முழு ஆயுள் கார்பன்' என்று வேறு பெயர்.