குத்தகை: ஐபி முகவரிக்குப் பொருந்தும் சொல்

மதுரையில் லீஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வீடுதான். அண்ணா நகரிலோ எஸ்.எஸ். காலனியிலோ சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஊர்ப்பேச்சில் அது ஒத்தி. புரோக்கர் வாயில் லீஸ். அதே லீஸ் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டிஹெச்சிபி லீஸ்' என்று எட்டிப் பார்க்கும்போது, இதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று புதிதாகப் பார்ப்பவர் முழிப்பது நியாயம்தான்.

வலையமைப்பில் லீஸ் என்பது, ஒரு கருவிக்கு ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, இவ்வளவு நேரத்துக்கு என்று கெடு வைத்துக் கொடுப்பது. கொடுப்பது டிஹெச்சிபி வழங்கி (சர்வர்); இப்படி முகவரி கொடுக்கும் நெறிமுறையின் பெயர்தான் டிஹெச்சிபி. வீட்டு ரவுட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கும். இன்னும் கொஞ்சம் பிடி நம் கையில் இருக்கட்டும் என்பவர்கள் ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலோ டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவிக்கொள்வார்கள். சைமன் கெல்லி எழுதிய சின்ன நிரல் அது. பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் வேலை, முகவரியையே எடுத்துக் கொடுக்கும் டிஹெச்சிபி வேலை, இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ரவுட்டர்களில் போடும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளத்திலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தச் சொல் வலையமைப்புக்குள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1985-இல் வந்த பூட்பி என்ற முந்தைய நெறிமுறையில் கெடு என்ற பேச்சே இல்லை. எந்த இயந்திரத்துக்கு எந்த முகவரி என்று நிர்வாகி ஒரு பட்டியல் எழுதி வைப்பார், அது அப்படியே கிடக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் கணினிகளுக்கு அது போதும். இன்று வந்து நாளை போகிற கணினிகள் பெருகியபோது, போனவனுடைய முகவரியை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வி எழுந்தது. 1993-இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டிஹெச்சிபி ஆவணம் அதற்குக் கண்ட வழி, கொடுக்கும்போதே கெடு வைப்பது. 1997-இல் திருத்தி வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம்தான் இன்றைக்கும் அடிப்படை.

லீஸின் வேர் லத்தீனில் 'தளர்த்து, இறுக்கத்தை விடு' என்ற பொருள் கொண்ட லக்ஸாரே. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரிலீஸும் அதே வேரில் கிளைத்ததுதான். தமிழில் நாம் வயலைக் குத்தகைக்கு 'விடுகிறோம்', வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்'. யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாமும் பிடித்திருப்பது அதே வினையைத்தான். ஒரு கருவி தன் முகவரியைத் தானாகத் திருப்பிக் கொடுக்கும் செய்திக்கு டிஹெச்சிபியில் ரிலீஸ் என்று பெயர். அதற்கு விடுவிப்பு என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது.

சரி, லீஸுக்குத் தமிழ் என்ன? ஒத்தி ஆகாது. ஒற்றி என்ற பழைய சொல்லின் பேச்சு வடிவம் அது. அடமானத்தின் ஒரு வகை. அங்கே கடன் இருக்கிறது, திருப்பித் தர வேண்டிய தொகை இருக்கிறது. வாடகையும் ஆகாது. பணம் வரும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், கெடுதான் அதன் உயிர் என்று சொல்ல முடியாது. மிஞ்சுவது குத்தகை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலுக்கு மட்டும் உள்ள சொல்லா அது? தென்னந்தோப்பு, ரோட்டோரப் புளியமரம், கண்மாய் மீன்பாசி என எதையும் ஒரு காலத்துக்கு ஒருவர் கையில் ஒப்படைத்தால் அது குத்தகைதான். கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த என்று பக்கத்து மொழிகளிலும் இதே சொல் இதே போன்ற பொருளில் புழங்குகிறது. 'திண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கான்' என்று திட்டும்போது அதில் இருக்கும் 'வேறு யாரும் வர முடியாது' என்ற பொருளும் இங்கே தேவைப்படுகிறது. கெடு முடியும்வரை அந்த முகவரி இன்னொரு கருவிக்குப் போகாது.

குத்தகைக்குக் கால அளவு சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மதுரைச் சீமைக்குத் தண்ணீர் கொண்டுவந்த முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886-இல் கையெழுத்தானது, 999 ஆண்டுக் குத்தகை. டிஹெச்சிபியால் அந்த அளவுக்குப் போக முடியாது. கெடுவை நொடிக்கணக்கில் 32 பிட் எண்ணாகத்தான் எழுதுகிறது. அதில் அடங்குவது ஏறக்குறைய 136 ஆண்டு. அந்த வரிசையின் கடைசி எண்ணுக்கு மட்டும் 'முடிவே இல்லை' என்று பொருள். எதார்த்தத்தில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம், ஓபன்டபிள்யூஆர்டியில் 12 மணி நேரம்.

கருவி கெடு முடியும்வரை சும்மா இருக்காது. 12 மணிக் குத்தகை என்றால், பாதியில், அதாவது 6 மணி நேரத்தில், முகவரி கொடுத்த வழங்கியிடமே போய்ப் புதுப்பிக்கச் சொல்லும். பதில் இல்லையென்றால் பத்தரை மணி நேரத்தில், அதாவது எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், வலையமைப்பில் இருக்கும் எந்த வழங்கியானாலும் சரி என்று பொதுவாகக் கூவும். அதற்கும் பதில் வராவிட்டால் 12 மணி நிறையும்போது முகவரியை விட்டுவிட வேண்டியதுதான்.

கெடுவை எவ்வளவு வைப்பது என்பதில்தான் சிறிய கடைகளில் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. தல்லாகுளம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பை பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கடையின் வைஃபையில் செல்போனை இணைக்கிறார்கள். வழங்கியில் 192.168.1.50 முதல் 192.168.1.99 வரை விட்டிருக்கிறது; மொத்தம் 50 முகவரி. குத்தகைக் காலம் 24 மணி. வந்தவர் ஐந்து நிமிடத்தில் பிரிண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் போகும்போது செல்போன் பொதுவாக விடுவிப்புச் செய்தி அனுப்பாது. மத்தியானத்துக்குள் 50 முகவரியும் ஊரைவிட்டே போனவர்கள் பெயரில் கிடக்கும். அடுத்து வருகிறவரின் போனில் 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற வரி நின்றுகொண்டே இருக்கும். கடைக்காரர் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார், நெட் கம்பெனியைத் திட்டுவார். டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்புக் கோப்பில் டிஹெச்சிபி-ரேஞ்ச் என்ற வரியின் கடைசியில் இருக்கும் 24 மணியை 30 நிமிடமாக மாற்றினால் போதும். (டிஎன்எஸ்மாஸ்க் 2 நிமிடத்துக்குக் கீழே இறங்க விடாது.) கெடுவைக் குறைத்தால் புதுப்பிப்புச் செய்திகள் கூடும் என்பது உண்மை. ஜெராக்ஸ் கடை அளவுக்கு அது ஒரு பாரமே இல்லை.

மாற்றியவுடனே எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். குத்தகைக்கு விட்ட வழங்கி நடுவில் வந்து காலி செய்யச் சொல்வது நடைமுறையில் இல்லை. முன்பே 24 மணி நேரக் கெடுவில் வாங்கிய கருவி, தன் பாதிக் கெடு வரும்வரை பழைய கணக்கிலேயே இருக்கும். அவசரம் என்றால் அந்தக் கருவியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இன்னொன்று, டிஎன்எஸ்மாஸ்க் முகவரி கொடுக்க ஆரம்பித்ததும் ரவுட்டருக்குள் இருக்கும் பழைய டிஹெச்சிபியை நிறுத்தியாக வேண்டும். ஒரே நிலத்தை இரண்டு பேர் குத்தகைக்கு விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

'ஸ்டேட்டிக் லீஸ்' என்ற சொல்தான் எனக்கு உறுத்தல். கடையின் பிரிண்டருக்கு எப்போதும் 192.168.1.20 தான் வேண்டும் என்று டிஹெச்சிபி-ஹோஸ்ட் வரியில் அதன் மேக் முகவரியோடு (கருவியின் வன்பொருள் அடையாள எண்) சேர்த்து எழுதி வைப்பதற்கு ரவுட்டர் பக்கங்கள் வைத்திருக்கும் பெயர் இது. 'நிலைக் குத்தகை' என்று அப்படியே தமிழாக்கினால், கெடுவே இல்லாத குத்தகை என்று படுகிறது. உண்மையில் அங்கேயும் கெடு உண்டு, புதுப்பிப்பும் உண்டு. அந்த எண் வேறு யாருக்கும் போகாது என்பதுதான் விசேஷம். அதனால் ஒதுக்கீடு என்பதே நேர்மையான சொல். 'முகவரி ஒதுக்கீடு' என்று எழுதினால் ரேஷன் கடைக்குப் போகிறவருக்கும் புரியும். ஒதுக்காத கருவிகளுக்குக்கூட டிஎன்எஸ்மாஸ்க் மேக் முகவரியை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. கெடு முடிந்து திரும்பி வந்தாலும் பெரும்பாலும் பழைய எண்ணே கிடைக்கும். தலைமுறையாக ஒரே வயலை உழும் குத்தகைதாரருக்கு இது புதிய செய்தி இல்லை.

மற்றவை எளிதாக வந்துவிடும். லீஸ் டைம் குத்தகைக் காலம், ரினியூவல் புதுப்பிப்பு. டிஎன்எஸ்மாஸ்க் எழுதி வைக்கும் லீசஸ் கோப்பைக் குத்தகைப் பதிவேடு எனலாம். அதைத் திறந்து பார்த்தால் வரிக்கு ஒரு கருவி: கெடு முடியும் நேரம் 1970 முதல் எண்ணிய நொடிகளில், பிறகு மேக் முகவரி, ஐபி முகவரி, கருவி தனக்குச் சொல்லிக்கொண்ட பெயர். டிஎன்எஸ் வேலையும் இதே நிரலின் கையில் இருப்பதால் அந்தப் பெயரைச் சொல்லியே கருவியை அழைக்கலாம். குத்தகை முடிந்து புதுப்பிக்காமல் போனால் பதிவேட்டில் அந்த வரி நீங்கும், அந்தப் பெயரைத் தேடினாலும் பதில் வராது.